கம்ப்யூட்டருக்கு ஓர் அளவு ஜாக்கெட்

அதியமான்கோட்டையில் பிளசி வீட்டுக் கம்ப்யூட்டரைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. அதன் பொத்தானை அழுத்திவிட்டு நெடுஞ்சாலை ஓரத்துக்கு நடந்துபோய், ஆற அமர ஒரு டீ குடித்து, ஓசூர்ப் பக்கம் போகிற லாரிகளில் சரியாக நூற்றுப் பதினேழை எண்ணிவிட்டுத் திரும்பி வந்தாலும், திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

பிளசிக்குப் பதினொரு வயது. கம்ப்யூட்டருக்குப் பன்னிரண்டு. அதனால் வீட்டில் அதற்குப் 'பெரியவன்' என்று பெயர்.

பெரியவனால் ஒரு நன்மையும் இருந்தது. அம்மா அவன் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் அடுப்பில் உலை வைப்பார். திரையில் படம் வரும்போது சோறு பதமாக வெந்திருக்கும். "குக்கரு கூட ஒரு நாளைக்கு விசிலடிக்க மறந்துடும். பெரியவன் மறக்க மாட்டான்" என்பார் அம்மா.

ஆனால் அந்தப் புதன்கிழமை மாலை, பெரியவன் பிளசியை அழவைத்துவிட்டான்.

அவளும் அவள் தோழி பூவிழியும் சேர்ந்து ஒரு கார்ட்டூன் படம் செய்திருந்தார்கள். படம் வரைந்தது முழுக்க முழுக்கப் பூவிழி. சித்தேரி மலையிலிருந்து வந்து தருமபுரியில் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிற பெண். பென்சிலைக் கீழே வைத்துவிட்டால் மூச்சு நின்றுவிடும் என்பதுபோல வரைந்துகொண்டே இருப்பாள். அரையாண்டு விடுமுறை முழுவதும் உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டு படம் வரைந்திருந்தாள்.

கதை இதுதான்: சித்தேரியில் ஒரு கறுப்பு ஆடு. அதற்கு டவுனைப் பார்க்க ஆசை. ஒருநாள் மலை பஸ்ஸில் ஏறி, பெண்கள் இருக்கையில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறது. கண்டக்டர் டிக்கெட் கொடுக்கிறார். ஆடு டிக்கெட்டைத் தின்றுவிடுகிறது. அங்கே ஆரம்பிக்கிறது வம்பு.

பிளசி அந்த நானூற்றுப் பன்னிரண்டையும் அப்பாவின் செல்போனில் படமெடுத்து, பெரியவனுக்குள் ஏற்றி, வரிசையாக ஒட்டி, குரலும் சேர்த்துவிட்டாள். ஆட்டுக்குக் குரல் கொடுத்தது தம்பி ஜோஸ்வின். ஆறு வயதுதான், ஆனால் அவன் 'மே' என்று கத்தியபோது பக்கத்துத் தெரு ஆடுகள் மூன்று வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தன.

இனி எல்லாவற்றையும் ஒரே படமாக்கிச் சேமிக்க வேண்டியதுதான் பாக்கி. பிளசி பொத்தானைத் தட்டினாள். ஒரு சதவீதம். இரண்டு சதவீதம். ஒரு மணி நேரம் கழித்து முப்பத்தேழு சதவீதம். பெரியவன் உள்ளே விமானம் கிளம்புவதுபோல உறுமினான். பிறகு சட்டென்று அணைந்துபோனான்.

இது நான்காவது முறை. நான்கு முறையும் அதே முப்பத்தேழு.

"போன்லயே பண்ணலாமில்ல?" என்றார் அப்பா.

"ஒங்க போனு போட்டோ எடுத்ததுக்கே 'எடமில்லை'ன்னு சொல்லிடுச்சுங்கப்பா. உள்ள பூரா லாரி டயர் போட்டோதான் இருக்கு" என்று மூக்கை உறிஞ்சினாள் பிளசி.

அப்பா அந்தோணி பிரகாஷுக்கு நெடுஞ்சாலையில் லாரிப் பஞ்சர் கடை. கிழிந்த டயர் ஒவ்வொன்றையும் ஞாபகத்துக்குப் படமெடுத்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அவர் பேச்சை மாற்றினார்.

மறுநாள் பள்ளியில் நிர்மலாதேவி டீச்சர் கூப்பிட்டார்.

"அடுத்த புதன்கிழமை ஆண்டு விழா. திங்கட்கிழமை காலைல பென்டிரைவ் என் கையில இருக்கணும் பிளசி. இல்லன்னா அந்த நேரத்த ஏழாம் வகுப்பு டான்ஸுக்குக் குடுத்துருவேன். அவங்க தெனமும் வந்து என் உசிர வாங்கறாங்க."

"நம்ம லேப்ல பண்ணிக்கலாமா டீச்சர்?"

"லேப்ல விழா நாற்காலிய கூரை வரைக்கும் அடுக்கி வெச்சிருக்காங்க. கம்ப்யூட்டர் எந்த மூலையில இருக்குன்னு எனக்கே தெரியல."

வெளியே வந்ததும் பூவிழி கேட்டாள். "நிஜமா நிக்குதா? எந்த எடத்துல நிக்குது?"

"ஆடு டிக்கெட்ட மெல்லுற எடத்துல."

"ஓ. மெல்லட்டும் விடு" என்று பூவிழி சிரித்தாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "எங்கப்பா வராரு பிளசி. நேத்து விடுதி போன்ல பேசுனாரு. சாமை அறுப்ப ஒரு நாள் தள்ளி வெச்சிட்டேன், நீ போட்ட படம் ஓடறதப் பாக்கணும்னு சொன்னாரு. நான் பென்சிலும் கையுமா இருந்தா அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நல்லாருக்குன்னும் சொன்னதில்ல."

பிளசி மனதுக்குள் மட்டும் முடிவு செய்துகொண்டாள். அந்த ஆடு பஸ்ஸில் ஏறியே ஆக வேண்டும்.

அன்று மாலை வீட்டில் சபை கூடியது. சபை என்றால் அப்பா, அம்மா, பிளசி, ஜோஸ்வின், அப்புறம் அம்மாவின் அண்ணன் சவுரியப்பன் மாமா. மாமா பக்கத்து வீட்டில் இருக்கிறார். ஆனால் இந்த வீட்டில் எது வாங்கினாலும், தேங்காய்த் துருவியாக இருந்தாலும், மாமா இல்லாமல் பேச்சு தொடங்காது.

"பெரியவனுக்கு மூளைய மாத்தணும்" என்று பிளசி விளக்கினாள். "புராசஸர்னு சொல்லுவாங்க. அதுதான் கணக்கெல்லாம் போடும். நம்மளுதுல ரெண்டு பேரு வேல செய்யிற மாதிரிதான். அவங்களால முடியல."

"அப்ப ஆறு பேரப் போடுவோம்" என்றார் மாமா உடனே. "டவுன்ல ரஞ்சித்குமார் கடையில கண்ணாடிக்குள்ள வெச்சிருக்கான். பெட்டியில வெள்ளி எழுத்து என்னமா மின்னுதுங்கறே. அந்த மினுக்கத்துக்கே படம் ஓடும்."

"மச்சான், மினுக்கம் எதுக்குங்க? பழசா இருந்தாலும் டென் வீலர் மாதிரி இழுக்கணும். ஐ-செவன்னு ஒண்ணு இருக்காம். எங்கடைக்கு வர்ற டிரைவர் பையன் சொன்னான்" என்றார் அப்பா.

"ஐ-ஃபைவ் போதும்னு போட்டிருக்குங்கப்பா" என்றாள் பிளசி. அவள் முந்தைய இரவு அப்பாவின் போனில் தேடிப் படித்திருந்தாள். "பழைய ஐ-ஃபைவ். ஆனா எங்க பாத்தாலும் கடைசியில ஒரே வார்த்தைதான் சொல்றாங்க. 'ஒங்க போர்டப் பொறுத்தது'ன்னு. போர்டுன்னா மூளையச் சொருகுற பலகை."

"ஒரு மூளையும் வேண்டாம். துணிய நனைச்சு நல்லாத் தொடச்சு வெச்சா ஓடும்" என்றார் அம்மா, தையல் மெஷினிலிருந்து தலை நிமிராமல்.

நான்கு பேர், நான்கு முடிவு. இப்படி ஆகும்போதெல்லாம் அந்த வீட்டில் ஒரே வழிதான். மாமா தொண்டையைச் செருமினார்.

"திருவுளச்சீட்டு."

ஊர்க் கோவில் திருவிழாவில் யார் சப்பரத்தை முன்வரிசையில் தூக்குவது என்று சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சீட்டை எழுதுகிறவர் மாமாதான். அந்தப் பழக்கத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோழியா மீனா, வாசல் கதவுக்குப் பச்சையா நீலமா, எல்லாம் சீட்டுதான். ஜோஸ்வினுக்கு முதன்முதலாக முடிவெட்டிய சலூன்கூடச் சீட்டில் வந்ததுதான். ஜெபம் முடிந்ததும் சீட்டுகளை மடித்து அரிசிப் படியில் போடுவார். வீட்டிலேயே சின்னவர் எடுக்க வேண்டும். எடுத்தது எடுத்ததுதான். மறுபேச்சு கிடையாது.

ஜோஸ்வின் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, படிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவி, ஒரு சீட்டை எடுத்தான்.

மாமா பிரித்தார். அவர் முகம் சப்பரத்தைப்போல ஒளிர்ந்தது.

"ஆறு பேரு."

சபை கலைந்தது. பிளசிக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. 'ஒங்க போர்டப் பொறுத்தது' என்ற வார்த்தை தலைக்குள் கொசுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை, பள்ளி விட்டு வந்தபோது வீட்டில் ஒரே சத்தம். பக்கத்துத் தெரு காவியா அக்கா ஜாக்கெட் தைக்கப் புதுத் துணியோடு வந்து அம்மாவிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு தடவ என்னயப் பாத்து வெட்டிடுங்க. நான் என்ன மாறியா போயிட்டேன்?"

"அளவு ஜாக்கெட் எங்க?"

"மறந்துட்டேன்க்கா."

"அப்ப போயி எடுத்தா."

"கடையில இதே சைஸ் ரெடிமேட் விக்கிறாங்க, அவங்க என்ன அளவு ஜாக்கெட்டா கேக்கறாங்க?"

"ரெடிமேட் போட்டுட்டு கையத் தூக்க முடியாம நின்னது யாரு? சைஸ் ஒண்ணா இருக்கும். கழுத்து ஒண்ணா இருக்குமா? அக்குள் வெட்டு ஒண்ணா இருக்குமா? அளவு ஜாக்கெட் இல்லாம நான் கத்திரியத் தொட மாட்டேன்."

பிளசி புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றாள். பிறகு மாமா வீட்டுக்கு ஓடினாள்.

"மாமா, நாளைக்கு கடைக்குப் போறப்ப பெரியவனையும் தூக்கிட்டுப் போலாம்."

"அவன எதுக்கு? மூளைய வாங்கிட்டு வந்து போடப் போறோம்."

"அளவு ஜாக்கெட் வேணும் மாமா."

மாமா ஒரு நிமிடம் யோசித்தார். அம்மாவோடு கூடப் பிறந்தவர் ஆயிற்றே, அந்தச் சொல்லுக்கு எதிராக வாதாட அவருக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் அப்படி ஒரு கூட்டம். ஒற்றைக்காலில் நின்றவர்களுக்கு மற்றக் காலை எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லை. அதன் நடுவே மாமா மடியில் பெரியவன், பழைய சேலையில் கட்டி, கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தான். அப்பாவுக்குச் சனிக்கிழமை கடையை விட்டு நகர முடியாது என்பதால் மாமாவும் பிளசியும் மட்டும்தான் வந்திருந்தார்கள்.

"என்னாங்க அது, கிரைண்டரா?" என்று பக்கத்தில் நின்ற அம்மாள் கேட்டார்.

"இல்லீங்க. வூட்டுப் பெரியவன். மூள ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்றார் மாமா.

அந்த அம்மாள் பதறிப்போய்த் தன் கூடையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து நீட்டினார். மாமா வெட்கப்படாமல் வாங்கிக்கொண்டார்.

கண்டக்டர் வந்தார். "லக்கேஜ் டிக்கெட் எடுங்க."

"மடியில இருக்கிறதுக்கு என்னாத்துக்கு டிக்கெட்டு?"

"மடியில இருந்தா கொழந்தன்னு விட்ருவேன். இது அழுவுதா பாருங்க."

மாமா எடுத்துவிட்டார்.

ரஞ்சித்குமாரின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. அவர் ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். அதிலும் பாதி 'ஸ்க்ரூ டிரைவர் எங்கே' என்பதிலேயே செலவாகிவிடும்.

"ஆறு பேரு வேல செய்யிறது ஒண்ணு குடுங்க. கண்ணாடிக்குள்ள மின்னுதே, அது" என்றார் மாமா.

"போர்டு?" என்றார் ரஞ்சித்குமார்.

"இங்க இருக்குங்கண்ணா" என்று பிளசி சேலையை அவிழ்த்தாள்.

ரஞ்சித்குமார் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "ஆளே வந்துட்டாரா. நல்லது."

பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து தூசி கிளம்பியது. பன்னிரண்டு வருட நெடுஞ்சாலைத் தூசி. அதில் ஒரு காணி கேழ்வரகு விதைக்கலாம். கடையிலிருந்த கல்லூரி மாணவர்கள் இருவரும் தும்மினார்கள். கீழே டீக்கடையில் ஒருவர் தும்மினார். எதிர்க்கட்டிடத்துக் காவலாளியும் தும்மியதாகப் பிற்பாடு மாமா சொன்னார்.

"இதனாலதான் நின்னுச்சா?" என்று பிளசி கேட்டாள்.

"மூச்சு முட்டி, சூடாகி நின்னுருக்கு" என்று ரஞ்சித்குமார் தூரிகையால் தட்டினார்.

"அப்ப இதத் தட்டிட்டா மட்டும் போதுமாண்ணா?"

"இன்னும் கொஞ்சம் ஓடுவான். ஆனா முடிப்பான்னு சொல்ல முடியாது. ஆளு சின்ன ஆளு."

அப்படியென்றால் அம்மாவின் சீட்டும் பாதி சரிதான் என்று பிளசி நினைத்துக்கொண்டாள்.

விசிறியைக் கழற்றி, ரஞ்சித்குமார் பழைய மூளையை வெளியே எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். தீப்பெட்டியைவிடச் சின்னதாக, சதுரமாக ஒரு தகடு. பின்பக்கம் முழுவதும் தங்க நிறப் புள்ளிகள். இரண்டு ஓரங்களில் எறும்பு கடித்ததுபோல ஒரு சின்ன வெட்டு.

பிறகு அவர் மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு தகட்டை எடுத்தார். "ஆறு பேரு இந்த ஜாதி. சேம்பிள். பெட்டியப் பிரிச்சா திருப்பி வாங்க மாட்டேன், அதனால இதுல பாருங்க."

மாமா இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். அச்சு அசல் ஒரே அளவு.

"பாத்தியா? திருவுளச்சீட்டு தப்பாகுமா? போடுங்க தம்பி."

"ஒரு நிமிஷம் மாமா."

பிளசி ஒரு துண்டுத் தாளை எடுத்தாள். அம்மா ஜாக்கெட்டைத் துணிமேல் பரப்பிக் கோடு போடுவதுபோல, பழைய தகட்டைத் தாளில் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் வரைந்தாள். ஓரத்து வெட்டுகளையும் விடாமல் வரைந்தாள். பிறகு அந்தப் படத்தின்மேல் புதியதை வைத்தாள்.

சதுரம் சரியாக உட்கார்ந்தது. வெட்டுகள் உட்காரவில்லை. பழையதன் வெட்டு ஓர் இடத்தில், புதியதன் வெட்டு வேறோர் இடத்தில்.

"சைஸ் ஒண்ணு மாமா. கழுத்து வேற."

"இம்மியூண்டு வித்தியாசம். அமுக்குனா உள்ள போயிடும்."

"அமுக்குனா போர்டு காலி" என்றார் ரஞ்சித்குமார். அன்றைய வார்த்தைக் கணக்கு முடியப் போகிறது என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. "புதுசு வேணும்னா போர்டு, மெமரி எல்லாம் மாத்தணும். இந்தப் போர்டுல போகாது."

மாமா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பெரியவனைப் பற்றிய கவலை இல்லை. கவலை வேறு.

"சீட்டுல வந்தத மாத்தறதா? இருபத்திரண்டு வருஷத்துல அப்புடி நடந்ததில்ல பிளசி. போர்டும் மத்ததும் வாங்கறதுக்கு வழிய பாப்போம். ஆறு மாசம் ஆகட்டும், நான் பாத்துக்கறேன்."

ஆறு மாதம். திங்கட்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. மலையில் ஒருவர் சாமை அறுப்பைத் தள்ளிப்போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.

'உங்கள் சீட்டு தப்பு' என்று சொல்லப் பிளசியின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஆரஞ்சைக்கூட உரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, ஒரு சந்தேகம். போன வருஷம் திருவிழாவுக்கு சப்பரம் தூக்க மொதச் சீட்டு யாருக்கு வந்துச்சு?"

"லூர்துசாமிக்கு."

"அவரு தூக்குனாரா?"

"எப்புடித் தூக்குவான்? அவன்தான் குடும்பத்தோட பெங்களூரு போயி நாலு வருஷமாச்சே. எவனோ பழைய நோட்டப் பாத்துப் பேர எழுதித் தொலைச்சிட்டான்."

"அப்ப என்ன பண்ணீங்க?"

"ஊர்ல இல்லாதவன் பேரு சீட்டுலயே இருக்கக் கூடாது. அதனால அந்தச் சீட்டு செல்லாதுன்னு நான்தான் தீர்ப்புச் சொன்னேன். இருக்கிறவன் பேர மட்டும் எழுதி மறுபடி..."

மாமா நிறுத்தினார். பிளசி தாளில் இருந்த பென்சில் சதுரத்தை மட்டும் அவர் பார்க்கும்படி கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

மாமா அதைப் பார்த்தார். சேம்பிள் தகட்டைப் பார்த்தார். எழுந்து நின்றார். நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

"இந்த ஆறு பேரும் நம்ம போர்டு ஊர்க்காரங்களே இல்ல. இவங்க பேரு சீட்டுல இருந்ததே தப்பு. செல்லாது" என்று கடை முழுவதும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னார். "தம்பி, இந்த ஊர்க்காரங்க யாரு யாருன்னு சொல்லுங்க. மறுபடி எழுதுவோம்."

ரஞ்சித்குமார் இழுப்பறையைத் துழாவி இரண்டு பழைய தகடுகளை எடுத்து வைத்தார். ஒன்று ஐ-செவன், ஒன்று ஐ-ஃபைவ். பிளசி இரண்டையும் தன் பென்சில் படத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். இரண்டுக்கும் கழுத்து சரியாக இருந்தது.

"ஆனா ஐ-செவன் சூடு அதிகம். இந்த விசிறி பத்தாது. கரண்டு பெட்டியும் பழசு. ஐ-ஃபைவ்ல நாலு பேரு. ஒங்க வேலைக்கு நல்லாப் போதும்."

மாமா உடனே போனைப் போட்டார். "மாப்ள, ஒங்க டென் வீலர் சூடாகுதாம். காத்து பத்தலையாம்."

அந்தப் பக்கம் லாரி ஹாரன் சத்தத்துக்கு நடுவே அப்பாவின் குரல் கேட்டது. "ரேடியேட்டர் பத்தாத வண்டிக்குப் பெரிய இன்ஜின் எதுக்குங்க மச்சான்? என் சீட்ட நானே வாங்கிக்கறேன்."

மாமா சீட்டுகளை எழுத உட்கார்ந்தார். ஒன்று எழுதினார். அடுத்ததற்குப் பேனாவை வைத்தவர் நிமிர்ந்தார்.

"ஒங்கம்மா சொன்ன தொடப்பும் ஆயிடுச்சு. ஒரே சீட்டுதான் பாக்கி."

"அப்ப குலுக்க வேண்டாமா மாமா?"

"குலுக்காம எப்புடி? சீட்டுன்னா குலுக்கித்தான் ஆகணும்."

அவர் அந்த ஒற்றைச் சீட்டை நான்காக மடித்து, திருகாணி வைக்கிற டப்பாவைக் காலி செய்து அதில் போட்டு, கண்ணை மூடி ஜெபித்து, கிழக்கே மூன்று முறை, மேற்கே மூன்று முறை குலுக்கினார். கல்லூரி மாணவர்கள் பஸ்ஸைக்கூட மறந்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ரஞ்சித்குமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இங்க சின்னவ நீதான். எடு."

பிளசி கண்ணை மூடிக்கொண்டாள். டப்பாவுக்குள் கையை விட்டு, இங்கே அங்கே என்று நன்றாகவே துழாவினாள். எடுத்துக் கொடுத்தாள்.

மாமா மெதுவாகப் பிரித்தார். படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"ஐ-ஃபைவ்."

கடையில் எல்லோரும் கைதட்டினார்கள். மாமா மேல்துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

புதிய மூளை பெரியவனுக்குள் உட்கார்ந்தது. அதன்மேல் ரஞ்சித்குமார் ஒரு வெள்ளைப் பசையைப் பட்டாணி அளவு வைத்தார். சூட்டை விசிறிக்குக் கடத்துவதற்கு.

"தாராளமா வையுங்க தம்பி. என்ன தோசைக்கு நெய்யா ஊத்தறீங்க, இப்புடிச் சிக்கனம் புடிக்கிறீங்க" என்றார் மாமா.

"பட்டாணி போதும்."

எல்லாவற்றையும் மாட்டி, பொத்தானை அழுத்தினார்கள். பழக்க தோஷத்தில் மாமா, "சரி, நான் போயி ஒரு டீ சாப்ட்டுட்டு வரேன்" என்று கிளம்பினார். படிக்கட்டில் இரண்டாவது படியில் கால் வைப்பதற்குள் பிளசி கூப்பிட்டுவிட்டாள்.

"வந்துடுச்சு மாமா."

"என்னாது வந்துடுச்சு?"

"பெரியவன்."

மாமா திரும்பி வந்து திரையைப் பார்த்தார். கையிலிருந்த ஆரஞ்சை அப்போதுதான் உரிக்க ஆரம்பித்தார்.

பிளசி ஆட்டுப் படத்தைத் திறந்து, சேமிக்கிற பொத்தானைத் தட்டினாள். பத்து. இருபது. முப்பது. மாணவர்களும் திரைப் பக்கம் குனிந்தார்கள். முப்பத்தைந்து. முப்பத்தாறு. முப்பத்தேழு.

பிளசி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

முப்பத்தெட்டு.

"மென்னு முழுங்கிடுச்சு" என்றாள் பிளசி. கடையில் யாருக்கும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தால் போதும்.

ஒன்பதே நிமிடத்தில் நூறு வந்தது. ரஞ்சித்குமார் படத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். ஆடு டிக்கெட்டைத் தின்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்கப் போய், இருமல் வந்து, தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு அவர் எண்பது வார்த்தை பேசியிருப்பார். தருமபுரியில் அது ஒரு சாதனை.

திங்கட்கிழமை காலை எட்டே காலுக்குப் பென்டிரைவ் நிர்மலாதேவி டீச்சர் கையில் இருந்தது. ஏழாம் வகுப்பு டான்ஸுக்கும் நேரம் கிடைத்துவிட்டது. தலைமை ஆசிரியர் தன் பேச்சைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அதற்காக அவரைப் பள்ளியே வாழ்த்தியது.

புதன்கிழமை மதியம். பள்ளி அரங்கம். பிளசியும் பூவிழியும் மேடை ஓரத்துத் திரைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"ஒங்கப்பா எங்க?"

"தோ, அந்தப் பச்சைத் துண்டு" என்றாள் பூவிழி. அப்புறம் வாயைப் பிளந்தாள். "பக்கத்துல எங்க பெரியப்பா. அதுக்குப் பக்கத்துல ரேஷன்கடை அண்ணன். அய்யோ, மேலத்தெரு பூரா வந்திருக்கு."

பூவிழியின் அப்பா மாது ஒருவர்தான் வருவதாகச் சொன்னது. ஆனால் அவர் மலையில் யாரிடமோ சொல்லியிருக்கிறார். அந்த யாரோ இன்னொருவரிடம். மதியம் பார்த்தால் சித்தேரியே நான்கு வரிசையில் உட்கார்ந்திருந்தது.

விளக்கு அணைந்தது. திரையில் மலைப்பாதை வந்தது. வளைவில் பஸ் வந்தது. கறுப்பு ஆடு ஏறியது.

ஆடு ஜன்னல் ஓரத்துச் சீட்டில் உட்கார்ந்து காதை ஆட்டியபோது சித்தேரி வரிசைகள் குலுங்கின. அது டிக்கெட்டைத் தின்றபோது, சிரிப்புச் சத்தத்தில் மேடைக்கு மேலே கட்டியிருந்த பலூன்களில் ஏழு தானாக வெடித்தன. டவுனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'இங்க மேய ஒண்ணுமே இல்ல' என்று முகத்தைச் சுளித்து ஆடு திரும்பி பஸ் ஏறியபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மாது மட்டும் எழுந்திருக்கவில்லை. பூவிழி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிளசியின் கையைப் பிடித்திருந்த பிடியில் இரத்தமே ஓடவில்லை.

அவர் மெல்ல எழுந்து, மேடை ஓரமாக நடந்து வந்தார்.

"நம்ம கருப்பிதானே அது?" என்றார்.

"ஆமாங்கப்பா."

"எடது காது இன்னும் கொஞ்சம் தொங்கும்."

பூவிழி ஒரு நொடி அப்பாவையே பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு படத்தில் ஓர் ஆட்டின் இடது காதைப் பார்த்திருக்கிறார் என்றால், எவ்வளவு கவனமாகப் பார்த்திருப்பார். அவள் முகம் முழுவதும் சிரிப்பானது.

"ரெண்டாவது தடவ பாத்தா இன்னும் நாலு தப்புச் சொல்லுவேன்" என்றார் மாது. பிறகு பிளசி பக்கம் திரும்பினார். "இன்னொருக்கா ஓட்டுவீங்களா பாப்பா?"

பிளசி டீச்சரிடம் ஓடினாள். டீச்சர் தலையாட்டினார். விளக்கு மறுபடி அணைந்து, படம் ஓடத் தொடங்கியது.

சரியாக அப்போது அரங்கத்து வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து நின்றார். சித்தேரி பஸ் ஓட்டுநர் முருகேஷ். "மூணே முக்காலுக்கு எடுக்கணும், ஒரு ஆளையும் காணோம். மலைக்காரங்க பூரா எங்க போனீங்க?" என்று கேட்க வாயெடுத்தவர், திரையைப் பார்த்தார். அங்கே அவருடைய பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு பக்க விளக்கு உடைந்த அதே பஸ். ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே அரை அடி நீட்டிக்கொண்டிருக்கும் மீசையோடு, அவரே.

அவர் தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். வெளியே போய்க் கண்டக்டரைக் கூட்டிவந்தார். இருவரும் கடைசி வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள்.

அன்றைக்குச் சித்தேரி பஸ் முக்கால் மணி நேரம் தாமதமாகத்தான் கிளம்பியது. ஏன் தாமதம் என்று கேட்க பஸ் நிலையத்தில் ஒருவர்கூட இல்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் மூன்றாவது முறையாக ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.